பைப் ரிஞ்ச்சின் ஆட்டம்: ஸ்டில்சன் நினைத்தபடி அதைப் பிடிப்பது எப்படி

பைப்பைப் பல்லால் கவ்வித் திருகும் கருவி பைப் ரிஞ்ச். புதிதாக ஒன்றைக் கையில் எடுத்ததும் மேல் தாடை லொடலொடவென்று ஆடும். ‘பீஸ் சரியில்லை’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களும், ஆட்டத்தை நிறுத்த உள்ளே தகடு செருகுகிறவர்களும் உண்டு. அந்த ஆட்டம்தான் கண்டுபிடிப்பே.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வால்வர்த் நிறுவனத்தில் வேலை பார்த்த டேனியல் ஸ்டில்சன் 1869-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். “ஒன்று பைப்பை முறித்துக் காட்டு, இல்லை ரிஞ்ச்சை உடை” என்று முதலாளி சொன்னாராம். முறிந்தது பைப். ஸ்டில்சனுக்கு மரியாதை செய்ய நினைக்கும் பிளம்பர், அந்த ஆட்டத்தைக் கெடுக்காமல் வேலை செய்தால் போதும்.

முதலில் அளவு. 1 அங்குல பைப் வரை 10 அங்குல நீள ரிஞ்ச், ஒன்றரை வரை 14, 2 அங்குலத்துக்கு 18. வாய் இதைவிட அகலமாகத் திறக்கும்தான். ஆனால் கடைசி வரை திறந்து பிடித்தால், வாயைக் கூட்டிக் குறைக்கும் நட்டில் சில மரைகளே மாட்டியிருக்கும், பாரம் முழுவதும் அவற்றின் மேல் விழும்.

பைப்பை வாய்க்குள் வைத்து நட்டைத் திருகும்போது, பைப் மேல் தாடையின் உள்முதுகில் போய் முட்டக் கூடாது. பைப்புக்கும் முதுகுக்கும் நடுவே சுமார் 12 மி.மீ., அதாவது அரை அங்குலம், இடைவெளி இருக்கட்டும். பைப் இரண்டு இடத்தில் மட்டுமே பட வேண்டும்: மேல் பல், கீழ்ப் பல். கைப்பிடியை இழுக்கும்போது மேல் தாடை கூட்டுக்குள் சற்றுச் சாய்ந்து, கீழ்த் தாடையை நோக்கி நெருங்கும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு கடிக்கும். முதுகு முட்டிவிட்டால் சாய்வதற்கு இடமில்லை. ரிஞ்ச் வழுக்கும், பைப்பைச் சீவும், கை போய்ச் சுவரில் இடிக்கும். ‘பல் தேய்ந்துவிட்டது’ என்று தூக்கிப் போடும் ரிஞ்ச்சுகளில் பலவற்றுக்குப் பல்லில் குறையே இருக்காது.

வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே கைப்பிடி வர வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் பிடி விடும். திரும்பவும் போட்டுப் பிடிப்பதற்காக அப்படி வைத்தது. தள்ளாமல் இழுங்கள். வழுக்கினாலும் விரல் மூட்டு தப்பும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றும்போது ஒரே ரிஞ்ச் போட்டால், சுவருக்குள் இருக்கும் வேறொரு மூட்டு திரும்பி அங்கே கசியும். இரண்டு ரிஞ்ச் வேண்டும்: ஒன்று கப்ளிங்கில், மற்றது பைப்பில், வாய்கள் எதிரெதிராக. இறுகிப்போன மூட்டுக்குக் கைப்பிடியில் பைப் செருகி நீளம் கூட்டுவது எல்லோரும் செய்யும் தப்பு. கைப்பிடி வளையும், தாடை விரியும். அடுத்த அளவு ரிஞ்ச்சை எடுங்கள். வளைந்த கைப்பிடியைச் சூடுபண்ணி நிமிர்த்தவும் வேண்டாம். இரும்பின் பதம் போய்விடும்.

சி.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் பைப், குரோம் பூசிய குழாய், ஆறுபட்டை நட் மூன்றுக்கும் இது ஆகாது. பல் பதிந்துவிடும், பட்டை உருண்டுவிடும். நட்டுக்கு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இருக்கிறது. ஸ்வீடனின் என்ஷோப்பிங் ஊரில் யோஹான் பெட்டர் யோஹான்சன் 1892-இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் கடைகளில் கிடைப்பது. இதில் கணக்கு தலைகீழ்: ஆட்டமே இருக்கக் கூடாது. திருகு உருளையை நட்டோடு ஒட்டும் வரை திருகி, லேசாக அசைத்து, இன்னும் ஒரு துளி இறுக்குங்கள். இழுக்கும் பாரம் அசையாத தாடையின் மேல் விழும்படி மாட்டுங்கள். அசையும் தாடையில் விழுந்தால் நாளடைவில் அது விரிந்து, நட்டின் முனையைத் தின்னும்.

வேலை முடிந்ததும் பைப் ரிஞ்ச்சின் பற்களில் அடைந்த சணலையும் டெஃப்ளான் டேப்பையும் கம்பி பிரஷ்ஷால் எடுங்கள். ரிஞ்ச்சின் நட்டுக்கும் பின் ஆணிக்கும் இரண்டு சொட்டு எண்ணெய். பல்லில் எண்ணெய் படவே கூடாது. மேல் தாடை தானாகத் திரும்பி வராமல் தொங்கினால் ஸ்பிரிங் போயிருக்கும், அதை மட்டும் மாற்றலாம். பல் உண்மையிலேயே மழுங்கியிருந்தால் மேல், கீழ் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுப் பல்லும் பழைய பல்லும் ஒரே மாதிரி கடிக்காது.