சாவியை வாலிலிருந்து எடுங்கள்: ஸ்பானிஷில் ‘என்’, ‘உன்’, ‘அவருடைய’

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிய புதிதில் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரு சாவி. ‘என் அக்காவின் தோழியின் வீட்டின் சாவி’ என்று சொல்ல வேண்டும். தமிழ் வரிசையிலேயே சொற்களை அடுக்கினேன். ஆசிரியை திருதிருவென்று விழித்தார்.

நம் ஆறாம் வேற்றுமை உருபு உடையவரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், உடைமை பின்னால் வரும். ஸ்பானிஷில் உடைமைதான் முதலில். பிறகு ‘தெ’ என்ற தனிச்சொல், அதன் பின் உடையவர். எனவே தமிழ்த் தொடரைத் தாளில் எழுதி, வாலிலிருந்து தலைக்குப் படியுங்கள். சாவி, வீடு, தோழி, என் அக்கா: ‘லா யாவெ தெ லா காசா தெ லா அமிகா தெ மி எர்மானா’. எத்தனை உறவு நீண்டாலும் ‘தெ’ போட்டுக் கோத்துக்கொண்டே போகலாம். பெயருக்கு முன் வரும் ‘லா’ ஆங்கில ‘the’ போன்ற பெண்பால் சுட்டு, ஆண்பாலுக்கு ‘எல்’. ‘தெ’யை அடுத்து இந்த ‘எல்’ வந்தால் மட்டும் இரண்டும் சேர்ந்து ‘தெல்’ ஆகும்: ‘எல் லிப்ரோ தெல் ப்ரொஃபெசோர்’, ஆசிரியரின் புத்தகம்.

‘மி’ என்றால் என், ‘து’ என்றால் உன். பொருள் பலவானால் ‘மிஸ்’, ‘துஸ்’. ‘நம்’, ‘எங்கள்’ என்ற வேறுபாடு அங்கே கிடையாது, இரண்டுக்கும் ‘நுவெஸ்த்ரோ’தான். ஆனால் அது பொருளின் பாலைப் பார்த்து மாறும் (ஸ்பானிஷில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு). பேசுபவர் அனைவரும் ஆண்களாக இருந்தாலும் வீடு பெண்பால் என்பதால் ‘நுவெஸ்த்ரா காசா’. சொந்தக்காரரைப் பார்க்காதீர்கள், சொத்தைப் பாருங்கள்.

அடுத்தது ‘சு’. அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, மரியாதையாகச் சொல்லும் ‘உங்களுடைய’, எல்லாம் இதுவே. வகுப்பில் ஆனா என்ற கற்பனைப் பாத்திரத்தின் தாய்க்கு உடல்நலமில்லை என்று சொல்ல வந்த நான், ஆசிரியையின் முகத்தைப் பார்த்தபடி ‘சு மாத்ரெ எஸ்தா என்ஃபெர்மா’ என்றேன். “என் அம்மா நன்றாகத்தான் இருக்கிறார்!” என்றார் அவர். ஐயம் வரும் இடத்தில் ‘லா மாத்ரெ தெ ஆனா’ என்று பெயரையே சொல்லிவிடுங்கள். பெயர் வேண்டாமென்றால் ‘தெ எயா’ (அவளுடைய), ‘தெ எல்’ (அவனுடைய). இந்த ‘எல்’ அவன் என்று பொருள்படும் வேறு சொல். இது ‘தெ’யோடு சேராது.

உடலுறுப்புக்கு வரும்போது, தயவுசெய்து, ஆங்கிலத்தை மறந்துவிடுங்கள். ஆங்கிலத்தின் வழியாக யோசித்தால் ‘என் தலை வலிக்கிறது’ என்று ‘மி’யைத் திணிக்கத் தோன்றும். நாமோ ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்கிறோம். ஸ்பானிஷும் அப்படியே: ‘மெ துவெலெ லா கபெசா’. ‘மெ’ என்பது எனக்கு. இந்த ஒற்றுமையை எனக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை. பல வாரம் வீண்.

கடைசியாக ‘என்னுடையது’. அதற்கு ‘மீயோ’, பெண்பால் பொருளுக்கு ‘மீயா’. மேசையில் கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்து ‘தெ கியென் எஸ்?’ (இது யாருடையது?) என்று உங்களையே கேட்டுப் பதில் சொல்லுங்கள். புத்தகமா, ‘எஸ் மீயோ’. சாவியா, ‘எஸ் மீயா’. அக்காவினுடையதா, ‘எஸ் தெ மி எர்மானா’.