கைக்குழந்தையோடு மேடைக்குத் திரும்புவது எப்படி: வர்ணத்திலிருந்து தொடங்கலாம்

இரண்டாவது பிள்ளை பிறந்து, மறுபடி ஒரு முழு மார்க்கம் (ஒரு நிகழ்ச்சியின் உருப்படிகள் எல்லாம் வரிசையாக) ஆட முடிகிற நிலைக்கு வந்த பிறகு இதை எழுதுகிறேன். பரதநாட்டியம் ஆடுகிற, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிற, மேடையை விட மனசில்லாத பெண்களுக்காக. அடவும் (அடிப்படை அசைவுகள்) உருப்படியும் (மேடையில் ஆடும் நடனங்கள்) உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உடம்பு

டாக்டர் ஆடலாம் என்று சொன்ன பிறகும், பிரசவமான பெண்களைப் பார்த்துப் பழகிய ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். வயிற்றின் நடுவில் தசை விலகியிருக்கிறதா, இடுப்புத்தளத் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார். குதித்து மெட்டும்போது சிறுநீர் கசிந்தால், "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதற்குப் பயிற்சி இருக்கிறது, நிறையப் பேருக்குக் குணமாகிறது. தட்டடவு, நாட்டடவு முதலில். குதித்துமெட்டும் மண்டியடவும் கடைசியில். சிசேரியன் என்றால் இன்னும் நிதானம்.

படி 2: தரை, தாளம்

குழந்தைக்கு விரிக்கிற ஃபோம் பாயில் ஆடாதீர்கள், கால் அமுங்கிக் கணுக்கால் பிசகும். தாளத்துக்குச் செயலிகள் இருக்கின்றன, எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் நட்டுவனாரை (ஜதி சொல்லி ஆட்டுவிக்கிற ஆசிரியர்) தட்டுக்கழியோடு சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் மூச்சுவிடுகிற இடத்தில் நமக்கும் மூச்சு கிடைக்கும், செயலியில் அது கிடைக்காது.

படி 3: வர்ணம்

இங்கேதான் நான் நாள் கணக்கில் சிக்கி நின்றேன். ஜதியும் (தாளச் சொல்லுக்கு ஆடுவது) அபிநயமும் (பாட்டின் பொருளை முகத்தாலும் கையாலும் காட்டுவது) மாறி மாறி வரும், அரைமணி, முக்கால்மணி ஆடுகிற உருப்படி. குழந்தையின் தூக்கமோ எப்போது கலையும் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லோரும் செய்வதுபோலத் துண்டு துண்டாகப் பழகுவோம்: ஒரு நாள் திரிகால தீர்மானம் (மூன்று வேகத்தில் வரும் ஜதிக்கோவை), ஒரு நாள் முக்தாயி ஸ்வரம் (முதல் பாதியை முடிக்கும் ஸ்வரப் பகுதி), ஒரு நாள் சரணம். தனித்தனியாக எல்லாம் சுத்தமாக வரும். முழுசாக ஆடிப் பார்த்தால் முதல் தீர்மானம் முடிந்ததுமே நெஞ்சு படபடவென்று அடிக்க, பல்லவியில் நாயகிக்கு ஏக்கம் வர வேண்டிய முகத்தில் இளைப்புதான் இருக்கும்.

நாம் பழகாமல் விடுவது ஜதியையும் இல்லை, அபிநயத்தையும் இல்லை, இரண்டும் சேருகிற இடத்தை. ஆகவே துண்டை வேறு மாதிரி வெட்டுங்கள். தீர்மானத்தின் கடைசி இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), அதோடு பல்லவியின் முதல் வரி, இது ஒரு துண்டு. அரைமண்டியில் (முழங்காலைப் பக்கவாட்டில் மடித்த நிலை) நின்று தீர்மானத்தை முடித்து, நிமிர்ந்து, மூச்சை வாய்வழியாக இழுக்காமல் மூக்கால் விட்டுக்கொண்டே கண்ணை மட்டும் முதலில் கொண்டுவாருங்கள், கை அப்புறம். பத்து நிமிடம் கிடைத்தாலும் இந்தச் சேருமிடத்தை நாலைந்து முறை ஆடிவிடலாம். இப்படி ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரு துண்டு. நடுவில் வரும் சாகித்திய அபிநயத்தைப் பால் கொடுக்கும்போது உட்கார்ந்தபடியே கண்ணாலும் முகத்தாலும் ஓட்டிப் பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் யாரையாவது குழந்தையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி முழு வர்ணம்.

அந்த "யாரையாவது" பற்றியும் சொல்லிவிடுகிறேன். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு அம்மா ஜெயம்மாள் பாடினார். தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கமும் விஸ்வநாதன் புல்லாங்குழலும் வாசித்தார்கள். மகள் லட்சுமி அந்தச் சூழலில் வளர்ந்து தானும் ஆடினார். வீடே கச்சேரியாக இருந்த குடும்பம் அது. இன்று நாம் ஆளுக்கொரு ஃபிளாட்டில் தனியாக இருந்துகொண்டு, உதவி கேட்கக் கூச்சப்படுகிறோம். மாமியாரிடமோ கணவரிடமோ "கொஞ்சம் பாத்துக்கறீங்களா" என்று கேட்காமல், "செவ்வாய் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை ஒத்திகை" என்று கிழமையும் மணியும் சொல்லிக் கேளுங்கள். அது வேலை, வேலையாகவே சொல்லுங்கள்.

படி 4: நிகழ்ச்சி நாள்

மார்கழி சீசனில் மதிய நேரம் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவுதான், ஆனால் குழந்தை தூங்குகிற வேளை, இரவுக்குள் வீடு வந்துவிடலாம்.

பால் கொடுக்கிறவர்கள் எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் 4 நாள். சென்னையில் ஏசி இல்லாத ஒப்பனை அறையில் அந்த 4 மணி நேரத்தை நம்பவே நம்பாதீர்கள், ஐஸ் பேக் போட்ட பெட்டி கட்டாயம்.

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போதே மேலாக்குக்கு அடியில் மறையும்படி முன்பக்கம் கொக்கி வைக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் தையல் தாராளமாக விடச் சொல்லுங்கள். ஆல்தாவை (கை, காலில் இடும் சிவப்புச் சாயம்) கடைசியாகப் பால் கொடுத்த பிறகே கையில் இடுங்கள். அது காய்வதற்குள் குழந்தை வந்தால் அதன் சட்டை, உங்கள் ஆடை இரண்டும் சிவப்பு. கழற்றிய ஊக்கையும் ஹேர்பின்னையும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், தவழ்கிற பிள்ளை தரையில் கிடக்கும் ஊக்கைத்தான் முதலில் எடுக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். மை தீட்டி நெற்றிச்சுட்டி வைத்த அம்மாவைப் பார்த்துக் குழந்தை அலறுகிறதாம். ஒப்பனையை அறைக்குள் முடித்துவிட்டு வெளியே வராதீர்கள். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகப் போடுங்கள். ராக்கொடியை அதன் கையிலும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

இன்னொருவர் கீழ்வீட்டுக்காரர் தட்டுச் சத்தத்துக்குச் சண்டைக்கு வருகிறார் என்றார். காலை ஏழுக்கு முன்னும் மதியம் இரண்டிலிருந்து நாலு வரையிலும் கால் தட்டாமல் கையாலேயே தாளம் போட்டு அடவைச் சொல்லிப் பாருங்கள், சலங்கையை ஒத்திகைக் கூடத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்புச் சங்கத்தில் பேசி, பயன்படாமல் கிடக்கும் மாடிக்கூடத்தை வாரம் இரண்டு மணி நேரம் கேட்டால் பல இடங்களில் கொடுத்துவிடுகிறார்கள். பதிலுக்கு அங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.