குறைவாக ஓடிய பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தெருவுக்கு ஒரு வண்டியாவது இப்படி நிற்கும். வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்தபோது வாங்கியது, லீவுக்கு வரும்போது மட்டும் எடுத்தது, அப்புறம் அவருக்கும் வயதாகிப் பிள்ளைகள் வேறு வண்டி வாங்கிவிட, கார் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. பத்மினி, பழைய மாருதி 800, எப்போதாவது ஒரு கான்டெஸா. "முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, சிங்கிள் ஓனர்" என்று புரோக்கர் சொன்னதும் கை அட்வான்ஸ் பணத்தைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள்.

கிலோமீட்டர் குறைவு என்றால் தேய்மானம் குறைவு, அவ்வளவுதான். ரப்பர், பிரேக் ஆயில், டேங்கில் கிடக்கும் பெட்ரோல், சீல்கள் எல்லாம் வருடக் கணக்கில் கெடுபவை. ஒரே முப்பதாயிரத்தில் இரண்டு வகை வண்டி உண்டு: இருபத்தைந்து வருடமும் வாரம் ஒருமுறை கோயிலுக்கோ சந்தைக்கோ போய் வந்தது ஒன்று, முதல் ஐந்து வருடம் ஓடிவிட்டு மீதி இருபது வருடம் நின்றது இன்னொன்று. விலை கூட இருந்தாலும் முதல் வகையையே வாங்குங்கள்.

மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பத்மினி போன்ற பழைய வண்டிகளின் மீட்டரில் ஐந்து இலக்கம்தான், லட்சம் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், 31,000 என்பது 1,31,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள், வரிகள் முழுசாக இருக்க வேண்டும், ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் நிறைய ஓடிய வண்டி. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள், ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 1411 என்றால் 2011-ம் வருடம் 14-வது வாரம் செய்தது. பட்டன், அதாவது ரப்பர் வரி மேடு, எவ்வளவு இருந்தாலும் இத்தனை வயதான டயரை மாற்றியே ஆக வேண்டும், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய சர்வீஸ் பில்கள் கிடைத்தால் தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது துரு. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை குறைவு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் காய்ந்த காற்று, இங்கேயே நின்ற வண்டி பொதுவாகத் தப்பித்திருக்கும். பொன்னானி மாதிரி கடலோரத்திலிருந்து வந்த வண்டி என்றால், மேலே பெயின்ட் எவ்வளவு மினுங்கினாலும் கீழே படுத்துப் பார்க்காமல் பேசவே வேண்டாம். தரை விரிப்பைத் தூக்குங்கள், ஸ்டெப்னி கிடக்கும் குழியைப் பாருங்கள், ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு, மொத்தென்று கேட்டால் உள்ளே பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசிய பசை. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனால் இன்னும் நல்லது, பட்டி போட்ட இடத்தில் அது ஒட்டாது. எஞ்சின் வேலை எப்படியும் செய்துவிடலாம், தளமே அரித்த வண்டிக்கு டிங்கரிங் செலவு முடிவே இல்லாமல் போகும்.

நான் ஒரு 800 வாங்கினேன், 22,000 ஓடியது, உள்ளே சீட் உறை கூடக் கசங்கவில்லை. கொல்லங்கோட்டிலிருந்து ஓட்டி வரும்போது பத்துக் கிலோமீட்டரிலேயே வண்டி இழுக்கச் சிரமப்பட்டது, நிறுத்தி இறங்கினால் முன்சக்கரத்திலிருந்து கருகிய வாசம், கை வைக்க முடியாத சூடு. பிரேக் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்துவிட்டது, மிதிக்கும்போது போன ஆயில் திரும்பி வர முடியாமல் பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது. "நின்னா கெட்டுப் போகுங்க தம்பி, ஓடுனா கெடாது" என்றார் மெக்கானிக் அண்ணன். அதனால் சொல்கிறேன், நின்ற வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

வந்ததும் உடனே சாவியைத் திருப்பவும் வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கையால் எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள், இலகுவாகச் சுற்றினால்தான் செல்ஃப் அடிக்க வேண்டும். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும், அதை வடித்து, டேங்கைக் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் வரை தனியாக ஒரு கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாவற்றையும் கேள்வியே இல்லாமல் புதிதாகப் போடுங்கள். 800-இல் டைமிங் பெல்ட் உண்டு, அதையும் மாற்றுங்கள். உள்ளூரில் கிடைக்காத பார்ட்ஸ் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. சேஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யோடு (பதிவுச் சான்று) கண்ணால் ஒப்பிடுங்கள். கேரளாவுக்குள்ளேயே பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 போதும். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்றால் ஃபாரம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, அங்கே வரி கட்டி, தமிழ்நாட்டு நம்பர் எடுக்க வேண்டும். பழைய லோன் ஆர்.சி.யில் இன்னும் ஏறியிருந்தால் லோன் முடிந்ததைக் காட்டும் ஃபாரம் 35 இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 15 வருடம் முடிந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-இல் இன்னும் ஏற்றிவிட்டார்கள். 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு 50 வருடம் தாண்டியவற்றுக்கு மட்டும், அதை எடுத்தால் அன்றாடம் ஓட்ட முடியாது.

பராமரிப்பில் முதல் வேலை ஓட்டுவது. வாரம் ஒருமுறை இருபது கிலோமீட்டராவது, எஞ்சின் முழுச் சூடு ஏறும்படி. ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது வண்டிக்குக் கெடுதல், சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துரு பிடிக்கும். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுவும் ஈரம் இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸ்களையும் உப்ப வைக்கும், ஆகவே பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள்.

ஜூன் வாக்கில் வரும் இடவப்பாதி மழை தொடங்கும் முன் கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள், தண்ணீர் வெளியேற வழி அதுதான். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும், பருத்தித் துணி உறை நல்லது. டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்து, தேதி, கிலோமீட்டர், செய்த வேலை மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.