மராத்தி நாடகப் பாட்டு: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

புனேவுக்கு வேலைக்குப் போன புதிதில், ஐம்பது நாட்யகீதங்கள், அதாவது மராத்தி நாடகப் பாட்டுகள், அடங்கிய ஒரு தொகுப்பைக் காதில் மாட்டிக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். ஒரே வாரத்தில் விட்டுவிட்டேன். ஆர்மோனியம், தபலா, கரகரக்கும் பழைய குரல் என்று எல்லாமே ஒரே பாட்டு மாதிரி இருந்தது. தப்பு என்னுடையதுதான். யார், எந்தக் கட்டத்தில், எந்த மனநிலையில் பாடுகிறார் என்று தெரியாமல் நாடகப் பாட்டைக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். அப்புறம் நான் கற்றுக்கொண்ட வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். மராத்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: ஒரே ஒரு பாட்டை எடுங்கள்

'நாத ஹா மாஜா'. 1916இல் மேடையேறிய 'சங்கீத ஸ்வயம்வர்' நாடகத்தில் வருகிறது. எழுதியவர் கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர், இசை பாஸ்கர்புவா பகலே. கேட்பதற்கு முன் கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த ருக்மிணி கல்யாணம்தான். அண்ணன் ருக்மி சிசுபாலனைப் பார்த்து வைத்திருக்கிறான், இவள் மனசோ கண்ணனிடம். 'இவன் என் நாதன்' என்பதுதான் அந்த முதல் மூன்று சொல்லுக்கும் அர்த்தம். ராகம் யமன், நம் கல்யாணிக்கு நெருங்கிய உறவு. இவ்வளவு தெரிந்தால் போதும், இப்போது கேளுங்கள்.

பாட்டின் வரிகள் வேண்டுமென்றால், 'ஆட்டவணீதலீ காணீ' என்ற மராத்தி இணையதளத்தில் நாடகம், இசையமைப்பாளர், ராகம் எல்லாம் சேர்த்துக் கிடைக்கும். தேவநாகரியில் தட்டச்சு செய்து தேடினால் சுலபம். 'மாஜா'வில் வரும் ஜ நம்முடைய ஜ இல்லை, பல்லோடு உரசி வரும். மராத்தியில் ள உண்டு என்பது நமக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

படி 2: அதே பாட்டை இன்னொரு தொண்டையில் கேளுங்கள்

முதலில் பால்கந்தர்வ. இயற்பெயர் நாராயண் ஸ்ரீபாத் ராஜஹன்ஸ், பிறந்தது 1888இல். சிறுவயதில் இவர் பாட்டைக் கேட்டுத்தான் திலகர் 'பால்கந்தர்வ' என்று பெயர் வைத்தார் என்பார்கள். நம்மூர் நாடக பாஷையில் சொன்னால் ஸ்திரீபார்ட், பெண் வேஷம் கட்டும் ஆண் நடிகர். ருக்மிணியாக நடித்துப் பாடியது இவர்தான். இவர் மேடையில் உடுத்திய புடவைக் கட்டையும் வைத்த பூவையும் பார்த்து மகாராஷ்டிரப் பெண்கள் தங்கள் அலங்காரத்தை மாற்றிக்கொண்டார்கள். 1911இல் 'மானாபமான்' நாடகத்தின் முதல் காட்சி நாளன்று இவருடைய பெண் குழந்தை இறந்துபோனது. காட்சியை நிறுத்தவில்லை, பாடி முடித்தார். இந்தச் செய்தி தெரிந்தபிறகு அந்த நாடகப் பாட்டுகளை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். நாம் கேட்பது மூன்று நிமிஷ இசைத்தட்டு. மேடையில் அதே பாட்டு, கொட்டகை முழுக்க 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்க, எவ்வளவோ நீளும். தபலாவில் அஹமத்ஜான் திரக்வா போன்ற மேதை உட்கார்ந்திருப்பார். ஆகவே இசைத்தட்டை ஒரு சுருக்கக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குரல் மெல்லியதாகத் தோன்றும், பொறுங்கள். சொல்லை அவர் எங்கே இழைக்கிறார், சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்கு, எவ்வளவு நோகாமல் வந்து இறங்குகிறார் என்று மட்டும் பாருங்கள்.

பிறகு ஆனந்த் பாட்டே. 2011இல் வந்த 'பால்கந்தர்வ' படத்தில் பின்னணி பாடியவர். ஒலிப்பதிவு தெளிவு என்பதால் முதல் தடவை கேட்பவர்களுக்கு இவர்தான் நல்ல வாசல். சிலர் இவரையே முதலில் கேட்கச் சொல்வார்கள். பழைய குரலைக் கேட்டுவிட்டு இங்கே வந்தால்தான் என்ன மாறியது என்று பிடிபடும் என்பது என் கட்சி.

படி 3: நம் காதுக்குத் தெரிந்த ராகங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அதே 'ஸ்வயம்வர்' நாடகத்தில் 'சுஜன கசா மன சோரீ' என்ற பாட்டு பூப் ராகம். நமக்கு மோகனம். 'ஸ்வகுல தாரக சுதா' பீம்பலாஸ், ஆபேரி கேட்ட காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது. 'மம ஆத்மா கமலா' பிஹாக். இசையமைத்த பகலே, கயால் என்னும் ஹிந்துஸ்தானி கச்சேரிப் பாணியில் பெரிய பாடகர் என்பதால் இந்தப் பாட்டுகளில் கச்சேரி வாசனை தூக்கல். நாடகப் பாட்டு வழியாக ஹிந்துஸ்தானி ராகங்களுக்குள் நுழைந்த பாமர ரசிகர்கள் மகாராஷ்டிரத்தில் ஏராளம். நீங்களும் அப்படி நுழையலாம்.

படி 4: ஆண் குரலுக்கு 'மானாபமான்'

பணக்காரப் பெண் பாமினி, ஏழைச் சேனாபதி தைர்யதரனை அவமதிக்கிறாள். பிறகு அவள் மனம் மாறுவதுதான் கதை. இசை கோவிந்த்ராவ் டெம்பே. தைர்யதரனின் பாட்டுகளுக்கு மாஸ்டர் தீனாநாத் மங்கேஷ்கரைத் தேடுங்கள். லதாவின், ஆஷாவின் அப்பா. பால்கந்தர்வ பாட்டில் இழையும் நயம் இவரிடம் கிடையாது. திடீரென்று தாவுவார், மின்னல் மாதிரி வெட்டி வேறு சுரத்துக்குப் போய்விடுவார். 'சந்திரிகா ஹீ ஜணூ' கேட்டுப் பாருங்கள். அதில் நம் ஆரபி இருக்கிறது.

1921 ஜூலையில் பம்பாயில் ஒரு 'சம்யுக்த மானாபமான்' நடந்தது. திலகர் சுயராஜ்ய நிதிக்காகப் போட்டிக் கம்பெனிகள் இரண்டு சேர்ந்து போட்ட நாடகம். பால்கந்தர்வ பாமினி, லலிதகலாதர்ஷ் கம்பெனியின் கேசவ்ராவ் போஸ்லே தைர்யதரன். அதே வருஷம் அக்டோபரில் போஸ்லே இறந்துபோனார்.

படி 5: கொஞ்சம் பின்னால் போங்கள்

இந்த வகை சங்கீத நாடகத்துக்குத் தொடக்கம் 1880இல் புனேயில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் போட்ட 'சாகுந்தல்'. அதன் நாந்திப் பாட்டு, அதாவது தொடக்க வாழ்த்துப் பாட்டு, 'பஞ்சதுண்ட நரருண்டமாலதர' இன்றைக்கும் பாடப்படுகிறது. அந்தக் கம்பெனியின் நட்சத்திரம் பாவுராவ் கோல்ஹட்கர். அவர் 1901இல் காலமானார், இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது 1902இல். அந்தக் குரல் அப்படியே போய்விட்டது.

படி 6: பெண்கள் வந்தபிறகு

ஹீராபாய் பரோடேகர், ஜ்யோத்ஸ்னா போளே இருவரையும் கேளுங்கள். ஜ்யோத்ஸ்னா 1942இல் 'குலவதூ' நாடகத்தில் பாடிய 'போலா அம்ருத போலா' பைரவி. நம் சிந்துபைரவியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கலாம். ஹீராபாயின் தந்தை உஸ்தாத் அப்துல் கரீம் கான் உயிர் நீத்தது நம் செங்கல்பட்டுப் பக்கம், சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில், 1937இல்.

படி 7: 'கட்யார் காள்ஜாத் குஸலீ'

1967 நாடகம். எழுதியவர் புருஷோத்தம் தார்வேகர், இசை ஜிதேந்திர அபிஷேகி. அரசவைப் பாடகராக வெல்பவருக்கு ஒரு குத்துவாள் பரிசு. அந்த வாளால் ஒரு கொலை செய்தால் மன்னிப்பு உண்டு! பண்டிட்ஜிக்கும் கான்சாகேபுக்கும் நடக்கும் போட்டியே நாடகம் என்பதால், இங்கே பாட்டு கதையை நிறுத்துவதில்லை, பாட்டுதான் சண்டை. கான்சாகேபாகப் பாடியவர் வசந்த்ராவ் தேஷ்பாண்டே. தீனாநாத்தின் தாவலை ஏற்கெனவே கேட்டிருந்தால் இவரிடம் அந்தச் சாயல் தெரியும். 'கேயீ சந்த மகரந்த' பாட்டைப் பண்டிட்ஜியும் கான்சாகேபும் வேறுவேறு மெட்டில் பாடுவார்கள், இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 2015 படத்தில் கான்சாகேபுக்குப் பாடியது வசந்த்ராவின் பேரன் ராகுல். பண்டிட்ஜியாக நடித்துப் பாடியது நம் சங்கர் மகாதேவன்.

இவ்வளவும் கேட்டு முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு புனேவுக்கோ மும்பைக்கோ போக வாய்த்தால், ஒரு சங்கீத நாடகத்தை நேரில் பாருங்கள். முன்வரிசையை விட நடுவில் உட்காருவது நல்லது, பக்கத்துப் பாட்டி கூடவே முணுமுணுப்பது கேட்கும். இடைவேளை மணி அடித்ததும் எழுந்துவிடுங்கள், படாட்டா வடைக்கு வரிசை நீளம்.