கோழி சோர்ந்து நின்றால் முதலில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்

பென்னாகரம் பக்கம் எங்கள் வீட்டில் எப்போதும் ஏழெட்டு நாட்டுக்கோழிகள் மேயும். ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றால், உடனே பிடித்துத் தனிக் கூடையில் கவிழ்த்துவிடுவேன். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

விடியற்காலையில், இரை போடுவதற்கு முன் கழுத்தடியில், தின்ற இரை முதலில் தங்கும் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். முந்தின நாள் தின்றது உள்ளே இறங்கி அது காலியாக இருக்க வேண்டும். கல் போலக் கெட்டியாக இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று இருந்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே இரை புளித்துவிட்டது என்று பொருள். அந்தக் கோழியைத் தலைகீழாகப் பிடித்து அமுக்காதீர்கள்; நீர் மூச்சுக்குழாயில் ஏறிச் செத்துவிடும்.

அடுத்து எச்சத்தைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தும் திருகினால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அது வைரஸ் நோய், மருந்து கிடையாது. மற்ற கோழிகளைக் காக்க அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் விடும் லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டும், எட்டாவது வாரத்தில் போடும் தடுப்பூசியும்தான் உண்மையான காப்பு.

கூடையில் இருக்கும் கோழிக்குக் கதகதப்பு முக்கியம். மார்கழிப் பனியில் அடியில் சாக்கு விரித்து, காற்றுப் புக இடம் விட்டு மூடுங்கள். வெல்லமும் துளி உப்பும் கரைத்த நீரை அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தானாகக் கொத்தத் தொடங்கியதும் நீர்த்த ராகிக் கூழ் கொஞ்சம் வைக்கலாம்.