நெல் குடோனில் நாலு ட்ராக்: கராஜ் ராக் பேண்டின் முதல் ரெக்கார்டிங்

கராஜ் ராக் என்பது மெருகேற்றாமல் முரட்டுத்தனமாக வாசிக்கும் ராக் இசை. அதை நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டரில், அதாவது நாலு ஒலியைத் தனித்தனியாகப் பதியும் மெஷினில், பதிவது எப்படி என்று பார்ப்போம். அதன் கரகரப்பு மட்டமான மைக்கிலிருந்து வருவதில்லை. ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயர்) அது திணறும் அளவுக்குத் திருகி, எல்லாரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்கும்போதுதான் வருகிறது. பிளாக் கீஸ் என்ற அமெரிக்க பேண்ட் தங்கள் இரண்டாவது ஆல்பத்தை 2002 டிசம்பரில், ஒஹாயோ மாநிலத்தின் அக்ரான் நகரில் ஒரு வீட்டு நிலவறையில் டாஸ்காம் 388 என்ற 8 ட்ராக் டேப் ரெக்கார்டரில் பதிந்தார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1986இல் தொடங்கிய கோரீஸ் பேண்டில் பாஸ் கிட்டாரே கிடையாது: இரண்டு கிட்டார், ஒரு ட்ரம்ஸ். மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ தொடங்கும் பேண்டுக்கும் அது தாராளம்.

டெல்டாவில் இதற்குத் தோதான இடம் நெல் குடோன். சம்பா அறுவடை முடிந்து மூட்டை அடுக்கியிருக்கும் மாசி, பங்குனியில் கேட்டு வாங்குங்கள். மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும். காலி குடோனில் ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சிறு ட்ரம்) அடி சுவருக்குச் சுவர் மோதிக் குழம்பும். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். தகரக் கூரையில் மழை இறங்கினால் மைக்கில் வேறு எதுவும் விழாது.

ஆம்ப், மிக்சர், ரெக்கார்டர் மூன்றுக்கும் ஒரே பாயிண்டிலிருந்து கரண்ட் எடுங்கள். வெவ்வேறு பாயிண்ட் என்றால் எர்த் வயர்கள் வழியே ஒரு வளையம் (எர்த் லூப்) உண்டாகி 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகுந்துவிடும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே வயரைச் செருகுங்கள். எர்த் கோளாறாக இருந்தால், கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடுபவரின் உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து.

கிட்டார் ஆம்ப் இல்லையென்றால் மைக்செட் ஆம்ப் போதும். ஆனால் கிட்டாரை நேராகச் செருகினால் சத்தம் மங்கிப்போகும், பிக்கப்புக்கு (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டார் பாகம்) அந்த இன்புட் பொருந்தாது. நடுவில் ஓவர்டிரைவ் பெடல் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி) வையுங்கள். குழாய் ஸ்பீக்கர் மட்டும் கூடாது. அடிச் சுரங்களில் அதன் யூனிட் கிழிந்துவிடும். பெட்டி ஸ்பீக்கரே சரி.

கேசட் சி-60 (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்), குரோம் டைப். சி-90இல் டேப் மெல்லியது, இழுபட்டுச் சுருதி ஆடும். நாலு ட்ராக்கும் ஒரே திசையில் ஓடுவதால் மறுபக்கம் கிடையாது. இரட்டை வேக மெஷினில் 15 நிமிடம்தான் கிடைக்கும்.

முதல் ட்ராக்கில் ட்ரம்ஸ், இரண்டாவதில் கிட்டார், இரண்டையும் சேர்ந்தே வாசித்துப் பதியுங்கள். ட்ரம்ஸுக்கு ஒரே டைனமிக் மைக்: கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) மேலே, ட்ரம்மரின் முழங்கால் உயரத்தில், ஸ்நேரைப் பார்த்தபடி. சிம்பல் (தட்டுத் தாளம்) சத்தம் மற்றதை அமுக்கினால் மைக்கை இன்னும் தாழ்த்துங்கள், சிம்பலை மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். கிட்டார் மைக் ஸ்பீக்கர் வலையிலிருந்து 5 செ.மீ., நடுக் குமிழிலிருந்து சற்று விலகி. நேர் நடுவில் வைத்தால் காதைக் கிழிக்கும்.

ட்ரம்ஸ் மீட்டர் +3 வரை ஏறட்டும், அந்த நெரிசல்தான் நமக்கு வேண்டியது. இரண்டாவது கிட்டாரை மூன்றில் பதிந்து, மூன்றையும் கலந்து நாலாவது ட்ராக்குக்கு இறக்குங்கள், அதாவது மறுபதிவு செய்யுங்கள். முதல் மூன்று ட்ராக்கும் இனி மறுபடி பயன்படும். இப்படி இறக்கும்போது மேல் சுரங்கள் மங்கும், அளவுகளைப் பிறகு மாற்ற முடியாது. அதனால் குரலை இறக்காமல் கடைசியாக, அந்த மூன்றில் ஒரு ட்ராக்கில், மீட்டர் 0 மட்டத்தில் இருக்கும்படி பாடுங்கள்.

முடிந்ததும் கேசட்டின் மேல் விளிம்புத் தாவல்கள் இரண்டையும் உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதியாது. டெல்டா ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.