டுரியான் விழும் மாதங்களில் பையை எடுங்கள்

பினாங்கில் இருப்பவர்கள் ஜூன், ஜூலையில் ஒரு நடை பழத்தோட்டப் பகுதியான பாலிக் பூலாவ் போய் வாருங்கள். டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் எல்லாம் ஒன்றாக வரும் நேரம் அது. வரத்து கூடும்போது சாலையோரக் கடைக்காரரே விலையை இறக்கிவிடுவார். விலை கூடிய டுரியான் ரகமான மூசாங் கிங் மேல் ஆசைப்பட்டால் மிச்சம் பிடிக்க முடியாது. கம்பத்து (கிராமத்து) டுரியானைக் குவியலாகப் பேசி வாங்குங்கள், ருசியில் ஒன்றும் குறையில்லை. மிஞ்சிய சுளைகளை டப்பாவில் இறுக மூடி ஃப்ரீசரில் வைத்தால் சில மாதங்கள் தாங்கும். இறுக என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை அசட்டையாக விட்டு, எங்கள் வீட்டு ஐஸ் கட்டியிலும் டுரியான் வாசம்!

காய்கறிக்குக் கணக்கு வேறு. ஆண்டு இறுதியில் மழை கொட்டினால் கேமரன் மலைத் தக்காளியும் கீரையும் விலை ஏறிவிடும். அந்த வாரங்களில் பூசணி, வாழைக்காய் என்று சமாளிக்கலாம். சாம்பாருக்கு அதுவே போதும். தீபாவளிக்கு முதல் நாள் பசாருக்குப் போகாதீர்கள். கெட்டுப்போகாத காய்களை நாலு நாள் முன்பே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், மண்டரின் ஆரஞ்சு. சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முன் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பார்கள். யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, வீட்டில் சாப்பிடத்தான் என்றால் பெருநாள் முடியட்டும். புத்தாண்டு தொடங்கி 15ஆம் நாளான சாப் கோ மே நெருங்கும்போது கடைக்காரர்கள் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். பெட்டியைப் பிரித்து, அடியில் உள்ள பழத்தையும் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.